பள்ளி பூட்டினால் முட்டை இல்லை

கோடை விடுமுறையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சத்துணவு உண்டா? கிடையாது. முழுப் பரீட்சை முடிந்து பள்ளியைப் பூட்டும்போது சத்துணவுக் கூடத்தையும் சேர்த்துப் பூட்டிவிடுகிறார்கள். ஜூனில் பள்ளி திறக்கும் அன்றுதான் மறுபடி உலை வைப்பார்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் கதை வேறு. அதற்குப் பால்வாடி என்கிற அங்கன்வாடியில் சாப்பாடு உண்டு. நடுவில் சில நாள் நீங்கலாக மே மாதத்திலும் உண்டு.

பதில் இவ்வளவுதான். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு உண்டு, எட்டு வயதுப் பிள்ளைக்கு இல்லை என்றால் ஏன் என்று கேட்கத் தோன்றும். அதற்கான காரணம் வெயிலிலும் இல்லை, பணத்திலும் முழுக்க இல்லை. சட்டத்தின் ஒரு வாசகத்திலும், அதற்குப் பின்னால் இருக்கும் பழைய பழக்கத்திலும் இருக்கிறது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை வைத்தே இதைப் பார்ப்போம். கோடையில்தான் வேலை மும்முரமாக இருக்கும் ஊர்கள் இவை. மரக்காணத்தில் உப்பளம் வெள்ளை வெளேரென்று கிடக்கும் காலம் அது. திண்டிவனத்தைச் சுற்றி இறவை மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்குவார்கள். செங்கல் சூளைகள் மழைக்கு முன்னால் எவ்வளவு கல் அறுக்க முடியுமோ அவ்வளவும் அறுக்கும். அம்மா விடிவதற்குள் கிளம்பிப் போகும் பருவமும், பள்ளிக்கூடம் பிள்ளைக்குச் சோறு போடாத பருவமும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

நின்று போவது எது

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடலாம். விடுமுறையில் பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள் என்று எழுதினால் அது மிகை. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்குக் காசு இல்லை. அட்டை இருக்கிற வீட்டில் அரிசிப் பானை காலியாக இருப்பது அரிது. காலையில் பழைய சோறோ கூழோ, மத்தியானம் சோறும் ரசமும், தொட்டுக்கொள்ள ஊறுகாய் என்று வயிறு எப்படியோ நிறைந்துவிடும்.

நின்று போவது முட்டை. பள்ளி நடக்கும் நாட்களில் வாரத்துக்கு ஐந்து முட்டை. 1989இல் கருணாநிதி ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்தது, 2010இல் வாரம் ஐந்து என்று ஆனது. முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். கலவை சாதப் பட்டியல் வந்த பிறகு வெறும் சோறும் சாம்பாரும் என்ற நிலை மாறிவிட்டது. ஒரு திங்கட்கிழமை காய்கறி பிரியாணியும் மிளகு முட்டையும் போட்டால், அடுத்த திங்கட்கிழமை சாம்பார் சாதமும் வெங்காயம் தக்காளி மசாலா முட்டையும் போடுவார்கள். செவ்வாய்க்கிழமை ஒரு வாரம் கருப்புக் கொண்டைக்கடலை புலவு, இன்னொரு வாரம் மீல்மேக்கர் சாதம். வெள்ளிக்கிழமை என்றால் உருளைக்கிழங்கு. ஆறாம் வகுப்புப் பையனிடம் இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டால் தட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவான்.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். மத்திய அரசு விதிப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஒரு வேளைச் சத்துணவில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் இருக்க வேண்டும். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 700 கலோரி, 20 கிராம் புரதம். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. சின்னப் பிள்ளைக்கு விதித்த புரதத்தில் பாதியை அந்த ஒரு முட்டையே கொடுத்துவிடுகிறது. மீதியைப் பருப்பும் கடலையும் அரிசியும் பார்த்துக்கொள்கின்றன. விடுமுறையில் அரிசி மட்டும் வீட்டில் தங்குகிறது, மற்றதெல்லாம் போய்விடுகிறது. கலோரிக் கணக்கு பெரிதாக இடிக்காது. புரதக் கணக்குதான் இடிக்கும்.

2025ஐ எடுத்துக்கொள்வோம். வெயில் கொடுமை என்று ஒன்று முதல் ஐந்தாம் வகுப்புவரை தேர்வுகளை முன்னுக்கு இழுத்து ஏப்ரல் 17க்குள் முடித்தார்கள். பள்ளி திறந்தது ஜூன் 2. சனி, ஞாயிறு போக நடுவில் ஏறக்குறைய முப்பது நாள், அதாவது பிள்ளைக்கு முப்பது முட்டை. இரண்டு பிள்ளை உள்ள வீட்டில் அறுபது. முட்டை ஆறு ரூபாய் என்று வைத்தால் 360 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் அந்த 360 ரூபாயை யாரும் 360 ரூபாயாகச் செலவு செய்வதில்லை. ஒரு நாள் இரண்டு முட்டை வாங்கி நான்கு பேருக்குக் குழம்பு வைப்பார்கள். அதில் பிள்ளை தட்டுக்கு வருவது பாதி. பல வீடுகளில் அந்தப் பாதியும் வேலைக்குப் போய் வந்த அப்பா தட்டுக்குத்தான் முதலில் போகும்.

காலை உணவையும் இதோடு சேர்க்க வேண்டும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி வைத்து, முதலில் மாநிலத்தின் 1,545 பள்ளிகளில் நடந்த காலை உணவுத் திட்டம், 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. 2024இல் கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும், 2025இல் நகர்ப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஒன்று முதல் ஐந்து வரை படிக்கும் பிள்ளைக்கு இப்போது பள்ளியில் இரண்டு வேளை. விடுமுறை வந்தால் இரண்டும் நிற்கும். உப்புமாவோ பொங்கலோ பெரிய விஷயமா என்று கேட்கலாம். மல்லாட்டை பிடுங்கக் காலை ஆறு மணிக்கே வண்டி ஏறுகிற பெண்ணுக்கு அது பெரிய விஷயம்தான். அவள் கிளம்பும் நேரத்தில் பிள்ளை எழுந்திருக்காது. எழுந்த பிறகு அதற்குப் போட்டுக் கொடுக்க வீட்டில் ஆள் இருக்காது. சத்துணவும் காலை உணவும் ஏழை வீட்டுக்கு உணவை மட்டும் தரவில்லை, சமைக்கும் நேரத்தையும் தந்திருக்கின்றன. ரேஷன் கடையில் எவ்வளவு அரிசி போட்டாலும் அந்த நேரத்தைப் போட முடியாது.

வெயில் கூடக் கூட இந்த இடைவெளியும் நீள்கிறது என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. 2023இல் ஜூன் 1, 5 என்று சொல்லியிருந்த பள்ளித் திறப்பு முதலில் 7ஆம் தேதிக்கும், பிறகு 12, 14ஆம் தேதிகளுக்கும் தள்ளிப்போனது. 2024இல் 6ஆம் தேதி 10 ஆனது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். வெயிலில் பிள்ளைகளை வரவழைக்காததும் சரியான முடிவுதான். ஆனால் ஒவ்வொரு தள்ளிவைப்போடும் சில வேளைச் சாப்பாடு சத்தமில்லாமல் கழிந்துபோகிறது.

சட்டம் சொல்வது

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவில்தான் விடை இருக்கிறது. அந்தப் பிரிவு பிள்ளைகளை இரண்டாகப் பிரிக்கிறது. ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள பிள்ளைக்கு, அந்த ஊர் அங்கன்வாடி மூலம் வயதுக்கேற்ற உணவு இலவசம். எட்டாம் வகுப்பு வரை, அல்லது ஆறு முதல் பதினான்கு வயது வரை உள்ள பிள்ளைக்கு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் தினம் ஒரு வேளை மதிய உணவு இலவசம். கூடவே, பள்ளி விடுமுறை நாட்கள் நீங்கலாக என்று ஒரு வாசகம். அந்த ஒரு வாசகம்தான் ஏப்ரலில் சத்துணவுக் கூடத்தைப் பூட்டுகிறது.

உரிமையுள்ள உணவைத் தராவிட்டால் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி தர வேண்டும் என்று அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு சொல்கிறது. விடுமுறை நாள் உரிமைக் கணக்கிலேயே வராததால் ஈடும் கிடையாது. ஆகவே சத்துணவு அமைப்பாளரிடமோ தலைமை ஆசிரியரிடமோ சண்டை போட்டுப் பயனில்லை. அவர்கள் கையில் அது இல்லை. தமிழ்நாடு தன் சொந்தப் பணத்தில் ஒன்பது, பத்தாம் வகுப்புக்கும் சத்துணவு போடுகிறது. சட்டம் சொன்னதைத் தாண்டிப் போவது இந்த மாநிலத்துக்குப் புதிதல்ல. ஆனால் நாட்களைப் பொறுத்தவரை பள்ளி நடக்கும் இருநூற்றுச் சொச்சம் நாட்களோடு நிற்கிறது.

ஏன் இப்படி ஒரு கோடு விழுந்தது என்பதற்கு வரலாறு கொஞ்சம் தெரிய வேண்டும். 1920இல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி கொடுக்கத் தொடங்கியது. ஒரு பிள்ளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு. காரணம் அந்தப் பள்ளியில் பிள்ளைகள் சேராதது. 1956இல் காமராசர் கொண்டு வந்த மதிய உணவுத் திட்டத்தின் நோக்கமும் மாடு மேய்க்கப் போன பிள்ளையைப் பள்ளிக்கு வரவழைப்பது. அதுவும் பள்ளி நாட்களுக்கான திட்டம்தான். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சி பாப்பாக்குறிச்சியில் தொடங்கி வைத்தது இன்னும் பெரியது. இரண்டு வயதுப் பிள்ளை முதல் அதில் அடக்கம். முதலில் கிராமங்களுக்கு, சில மாதத்தில் நகரங்களுக்கு, 1984இல் பதினைந்து வயது வரை. இருந்தாலும் பள்ளியோடு சேர்ந்த பகுதி பள்ளியோடுதான் கட்டப்பட்டிருந்தது.

அங்கன்வாடி பிறந்த கதை வேறு. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் சவலைப் பிள்ளைகளைப் பார்த்துப் பிறந்தது, வருகைப் பதிவேட்டைப் பார்த்து அல்ல. அதனால் அங்கே ஆண்டுக்கு 300 நாள். பள்ளிச் சாப்பாட்டை இன்னமும் பள்ளிக்கு வருவதற்கான ஊக்கமாகவே நடத்துகிறோம். பிள்ளை சேர்க்கையில் தமிழ்நாடு எங்கேயோ போய்விட்ட பிறகும், ஓரணாச் சிற்றுண்டிக் காலத்துக் கணக்கே ஓடிக்கொண்டிருக்கிறது. என் வருத்தம் அதுதான்.

பால்வாடி வாசலில்

மே மாதத்தில் ஒரு நாள் பதினொன்றரை மணிக்கு ஏதாவது ஒரு கிராமத்துப் பால்வாடிக்குப் போய் நின்றால் இந்தக் கோட்டைக் கண்ணாலேயே பார்க்கலாம். மயிலம் பக்கம் போனாலும் சரி, காணை பக்கம் போனாலும் சரி. உள்ளே பாய் விரித்துச் சின்னதுகள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். ஆயா சாதத்தைப் பிசைந்து தட்டில் வைத்து, முட்டையை இரண்டாகப் பிளந்து மேலே வைப்பார். வாசல் படியில் ஏழெட்டு வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். தம்பியைக் கூட்டி வந்தவள். அம்மா வேலைக்குப் போய்விட்டதால் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுடையது. தம்பி சாப்பிடுவான், அவள் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"டீச்சர், பெரியவளுக்கும் ஒரு கரண்டி போடுங்களேன்" என்று எந்த அம்மாவும் ஒரு தடவையாவது கேட்டிருப்பாள்.

"பேரு இருக்கிற பிள்ளைக்குத்தாம்மா கணக்கு. சோறு மிஞ்சினா குடுக்கிறேன், முட்டை எண்ணி வருது."

டீச்சர் கல்நெஞ்சக்காரர் இல்லை. முட்டைக்கு ஒன்றுக்கு ஒன்று கணக்கு காட்ட வேண்டும், அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேல் அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. இரண்டு முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குத் தினமும் மதியம் சூடான சாப்பாடு, வாரம் மூன்று முட்டை, செவ்வாயன்று கடலை அல்லது பயறு, வெள்ளியன்று உருளைக்கிழங்கு. இதோடு ஆறு மாதக் குழந்தை முதல், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் வரை வீட்டுக்கு எடுத்துப் போகச் சத்துமாவு தருகிறார்கள். கோதுமை, முளைகட்டிய கேழ்வரகு, கடலை மாவு, வெல்லம் கலந்தது. கொழுக்கட்டையாகப் பிடித்தால் பெரிய பிள்ளைகளும் தகராறில்லாமல் தின்னும். அண்மை ஆண்டுகளில் மே மாதத்தில் அங்கன்வாடிக்கும் இரண்டு வாரம் போல விடுமுறை விடுகிறார்கள். அந்த நாட்களுக்கு உரியதை மாவாக முன்கூட்டியே கையில் கொடுத்துவிடுவது வழக்கம். ஏப்ரல் கடைசியில் போய் "லீவு எப்போ, மாவு எப்போ" என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. கேட்காவிட்டால், வேலைக்குப் போயிருக்கும் நாளில் விநியோகம் முடிந்துவிடும்.

இன்னொன்று. பிள்ளை மெலிந்து கிடக்கிறது, எடை ஏறவில்லை என்று தோன்றினால் மையத்தில் எடையும் உயரமும் பார்க்கச் சொல்ல வேண்டும். 2022இல் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில், கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் தனியாகச் சத்துணவுப் பொட்டலம் உண்டு. தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்குள் உள்ளவர்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. 2019–21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்வது இது. சத்துணவுக்குப் பேர் போன மாநிலத்தின் கணக்கு இது.

சூளைக்குப் போன வீடுகள்

விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து பொங்கல் முடிந்ததும் கிளம்பி, ஆறேழு மாதம் வெளியூர் செங்கல் சூளையிலும் கரும்புத் தோட்டத்திலும் கிடக்கும் குடும்பங்கள் நிறைய. இருளர் குடும்பங்களுக்கு இது பல தலைமுறைப் பழக்கம். முன்பணம் வாங்கியிருப்பார்கள், அது கழியும் வரை திரும்ப முடியாது. இந்தப் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை என்று தனியாக ஒன்று இல்லை. ஜனவரியிலேயே தட்டு போய்விட்டது. ஆண்டு முழுக்கச் சத்துணவு போட்டாலும், ஊரில் போட்டால் சூளையில் இருக்கும் பிள்ளைக்கு எட்டாது.

இவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது, ரேஷன். 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' நடைமுறையில் இருக்கிறது. அட்டையில் பெயர் உள்ள ஒருவர் கைரேகை வைத்தால், வேலை செய்யும் ஊர்க் கடையிலேயே பொருள் வாங்கலாம். "உங்க கடை இது இல்ல" என்று திருப்பி அனுப்பினால் 1967 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லலாம். இரண்டாவது, பால்வாடி. பிள்ளை எந்த ஊர்க்காரப் பிள்ளை என்பது பொருட்டில்லை, இப்போது எங்கே இருக்கிறதோ அந்த ஊர் மையத்தில் சேர்த்துக்கொள்ளலாம். அங்கன்வாடிப் பணியாளர்கள் பயன்படுத்தும் போஷன் டிராக்கர் செயலியில் ஒரு மையத்திலிருந்து இன்னொரு மையத்துக்குப் பெயரை மாற்றும் வசதி இருக்கிறது. சூளை ஊரை விட்டு இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தால் தினமும் யார் கூட்டிப் போவது என்ற கேள்வி வரும். அதற்குச் செயலியில் வழி இல்லை.

பூட்டு திறந்த காலங்கள்

விடுமுறையில் பள்ளிச் சாப்பாடு போட்டதே இல்லையா என்றால், போட்டிருக்கிறார்கள்.

மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001இல் தொடுத்த வழக்கில்தான், சமைத்த மதிய உணவை நாடு முழுக்கப் பள்ளிகளில் போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று உத்தரவிட்டது. அதே வழக்கில் 2004 ஏப்ரல் 20 அன்று இன்னொரு உத்தரவு வந்தது. வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு தர வேண்டும் என்றது நீதிமன்றம். 2016 மே மாதம் ஸ்வராஜ் அபியான் வழக்கில் அதையே மறுபடி அழுத்திச் சொன்னது. கூடவே முட்டையோ பாலோ வாரத்தில் மூன்று நாளாவது கொடுங்கள் என்றது. நம் பக்கத்து மாநிலமான கர்நாடகம் 2024 கோடையில் வறட்சி பாதித்த 223 வட்டங்களில் 41 நாட்கள் விடுமுறைக் காலச் சாப்பாடு போட ஏற்பாடு செய்தது. ஆக, வறட்சி என்று அரசாணையில் வந்தால் பூட்டு திறக்கும். வறட்சி வந்தால் வயலில் வேலை போகும், அதனால் வீட்டில் சாப்பாடு குறையும் என்பது நீதிமன்றத்தின் வாதம். வேலை இருப்பதாலேயே வீட்டில் சமைக்க ஆளில்லாத கோடையும் உண்டு. அதை எந்த உத்தரவும் இன்னும் கவனிக்கவில்லை.

அடுத்தது கொரோனா. 2020 மார்ச்சில் பள்ளிகளை மூடியதும், மதிய உணவு என்ன ஆகும் என்று உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்து மாநிலங்களைக் கேட்டது. ஏப்ரல் கடைசியில் மத்திய அரசு, அந்த ஆண்டு கோடை விடுமுறைக்கும் மதிய உணவுக்கான செலவைத் தருவதாகச் சொன்னது. தமிழ்நாட்டில் சமைத்துப் போட முடியாததால் உலர் பொருளாகக் கொடுத்தார்கள். தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு 3 கிலோ 100 கிராம் அரிசி, 1 கிலோ 200 கிராம் பருப்பு. ஆறு முதல் எட்டு வரை 4 கிலோ 650 கிராம் அரிசி, 1 கிலோ 250 கிராம் பருப்பு. நாளைக்கு 100 கிராம், 150 கிராம் அரிசி என்ற சத்துணவு அளவை 31 நாளால் பெருக்கினால் வரும் கணக்கு அது. முட்டையையும் கொடுங்கள் என்ற பேச்சு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. பிறகு மாதம் பத்து முட்டை வந்தது. பை எடுத்துக்கொண்டு பள்ளி வாசலில் முகக்கவசத்தோடு வரிசையில் நின்ற பிள்ளைகளைப் பலருக்கும் நினைவிருக்கும்.

அந்த அனுபவத்தை நான் முக்கியமாக நினைக்கிறேன். சரக்கு வாங்க, மூட்டையைப் பள்ளிக்குக் கொண்டு வர, பெயர் பார்த்துக் கொடுக்க எல்லாவற்றுக்கும் இங்கே ஏற்பாடு இருக்கிறது என்பதை அந்த ஆண்டு காட்டிவிட்டது. செலவு என்று பார்த்தால், 2025 மே முதல் மத்திய அரசு கணக்குப்படி ஒரு தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு அரிசி நீங்கலாகச் சமையல் பொருளுக்கு நாள் ஒன்றுக்கு 6 ரூபாய் 78 காசு. மேல் வகுப்புக்கு 10 ரூபாய் 17 காசு. முப்பது நாளுக்குச் சின்னப் பிள்ளைக்கு 203 ரூபாய் 40 காசும் மூன்று கிலோ அரிசியும். முட்டையைச் சேர்த்தால் இன்னும் கூடும். மாநிலம் முழுக்கப் பெருக்கினால் பெரிய தொகைதான். ஆனால் மலைக்க வைக்கும் தொகை அல்ல.

உலர் பொருளா, சமைத்த சாப்பாடா என்று கேட்டால் நான் சமைத்ததற்கே ஓட்டுப் போடுவேன். மூன்று கிலோ அரிசியைப் பையில் கொடுத்தால் அது வீட்டு அரிசியோடு கலந்துவிடும். தட்டில் வைத்த முட்டை அந்தப் பிள்ளை வயிற்றுக்குத்தான் போகும். ஆனால் சமைப்பது யார்? சத்துணவு அமைப்பாளர், சமையலர், உதவியாளர் எல்லோருக்கும் ஆண்டில் மூச்சு விடக் கிடைப்பது அந்த ஒரு மாதம்தான். தனித்து வாழும் பெண்கள், விதவைகள் பலர் இந்த வேலையில் இருக்கிறார்கள். மத்திய அரசின் விதியில் சமையல் உதவியாளருக்கு மாதம் 1,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதத்துக்கு மட்டும். தமிழ்நாடு அதைவிடக் கூடுதலாகத் தருகிறது என்றாலும் காலமுறை ஊதியம் கேட்டு அவர்கள் போராடிக்கொண்டேதான் இருக்கிறார்கள். மே மாத வெயிலில் விறகடுப்பாக இருந்தாலும் கேஸ் அடுப்பாக இருந்தாலும் அந்தக் கூடத்துக்குள் நிற்பது லேசு இல்லை. "ஒரு மாசம் சேர்த்துச் சமைங்க" என்று சொல்வதற்கு முன் அதற்கான கூலியைப் பேச வேண்டும். ஊருக்கு ஒரு கூடத்தை மட்டும் திறந்து, மகளிர் குழுக்களை முறை வைத்துச் சமைக்கச் செய்யலாம். காலை உணவை ஏற்கெனவே அவர்கள்தானே சமைக்கிறார்கள்.

பணக்கார நாடுகளிலும் இந்தப் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. அமெரிக்காவில் 1968 முதலே கோடை விடுமுறைச் சாப்பாட்டுக்கு என்று தனித் திட்டம் உண்டு. பூங்காவிலும் நூலகத்திலும் கொடுப்பார்கள், பிள்ளை அங்கே வந்து சாப்பிட வேண்டும். கிராமத்துப் பிள்ளைகள் வந்து சேர முடியவில்லை என்று கண்டு, 2024 கோடை முதல் ஏழைப் பிள்ளைக்கு மாதம் 40 டாலர் வீதம் 120 டாலரை அட்டையில் போடுகிறார்கள். எல்லா மாநிலமும் இதில் சேர்ந்துவிடவும் இல்லை. இங்கிலாந்தில் 2020இல் விடுமுறைச் சாப்பாட்டுச் சீட்டு தர முடியாது என்று அரசு சொன்னபோது, கால்பந்து வீரர் மார்கஸ் ராஷ்ஃபோர்ட் பகிரங்கக் கடிதம் எழுதினார். மறுநாளே அரசு இறங்கி வந்து ஆறு வாரத்துக்கு வாரம் 15 பவுண்டு கொடுத்தது. அவரே சின்ன வயதில் இலவசப் பள்ளிச் சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்தவர். நம் ஊரில் சத்துணவு சாப்பிட்டு வளர்ந்த பிரமுகர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். மே மாதத்தைப் பற்றிக் கடிதம் எழுதியவர்தான் குறைவு.

யாரிடம், என்ன கேட்பது

விடுமுறைச் சாப்பாடு வேண்டும் என்று கேட்பதும், உள்ளது சரியாக வரவில்லை என்று கேட்பதும் வேறு வேறு. இரண்டையும் ஒரே மனுவில் எழுதினால் இரண்டும் நகராது.

உள்ளது வரவில்லை என்றால், பால்வாடி விஷயத்துக்கு வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரைப் பார்க்க வேண்டும். பள்ளிச் சத்துணவு விஷயத்துக்கு விழுப்புரம், திண்டிவனம் நகரத்துக்குள் என்றால் நகராட்சி ஆணையர். கோலியனூர், காணை, மயிலம், ஒலக்கூர், மரக்காணம் என்று ஒன்றியத்துக்குள் வரும் ஊர் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலகம். மாவட்ட அளவில் ஆட்சியரின் நேர்முக உதவியாளர்களில் ஒருவர் சத்துணவுக்கென்றே இருக்கிறார். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவை அவர் பெயருக்குத் திருப்பிவிடச் சொல்லலாம். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்துக்கும் குறைதீர் அலுவலர் ஒருவரும், அவருக்கு மேல் மாநில உணவு ஆணையமும் உண்டு. மனுவில் மையத்தின் பெயர், வராத நாட்கள், வராத பொருள் மூன்றையும் எழுதி ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். "சரியாகப் போடுவதில்லை" என்று மொட்டையாக எழுதினால் "சரியாகப் போடப்படுகிறது" என்று அதைவிட மொட்டையாகப் பதில் வரும்.

புதிதாகக் கேட்பதற்குக் கிராம சபை இருக்கிறது. உழைப்பாளர் நாளான மே 1 கிராம சபை நாள் என்பது வசதி. விடுமுறை நடுவில் வருகிற கூட்டம் அது. எங்கள் ஊரில் இத்தனை பிள்ளைகள் பகலில் பெரியவர்கள் இல்லாத வீட்டில் இருக்கிறார்கள், விடுமுறையில் பள்ளிச் சமையல் கூடத்தைத் திறக்க வேண்டும் என்று எண்ணிக்கையோடு தீர்மானம் போடலாம். தீர்மானம் போட்ட உடனே சோறு வந்துவிடாது. ஆனால் வறட்சி, புயல் என்று ஏதாவது வந்து அரசு விதியைத் தளர்த்தும்போது, தாளில் பெயர் உள்ள ஊர் முதலில் நிற்கும்.

கடைசியாக, ஜூன் மாதம். பள்ளி திறக்கும் முதல் நாளே சத்துணவும் காலை உணவும் தொடங்கிவிடும். ஒன்றாம் வகுப்பில் புதிதாகச் சேரும் பிள்ளை, வேறு பள்ளியிலிருந்து ஆறாம் வகுப்புக்கு மாறி வரும் பிள்ளை இவர்களின் பெயர் சாப்பிடுவோர் பட்டியலில் தானாக ஏறிவிடாது. சேர்க்கும்போதே ஆசிரியரிடம் சொல்லிவிட வேண்டும். சூளையிலிருந்து ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ திரும்பும் பிள்ளைக்கும் அதே விதிதான். தாமதமாக வந்தாலும் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்று பள்ளி சொல்ல முடியாது. கல்வி உரிமைச் சட்டப்படி ஆண்டு நடுவிலும் சேர்க்கலாம், மாற்றுச் சான்றிதழ் இல்லை என்பதும் தடை இல்லை. சேர்ந்த அன்று மத்தியானமே தட்டும் உண்டு.